கல்லுக்குக் கணக்கு இருக்கிறது, ஆளுக்கு எங்கே? புதிய தலைநகரம் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

புதிய தலைநகரம் கட்டிக்கொண்டிருக்கும், கட்டத் திட்டமிட்டிருக்கும் ஆட்சியாளர்களுக்கும் அவர்கள் நியமித்த நகர ஆணையங்களுக்கும்,

வணக்கம்.

நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பெரிய பொறியாளர் எல்லாம் இல்லை. காலையில் மஸ்டர் ரோலைத் திறந்து பெயர் கூப்பிட்டு வருகை போடுவது, சாயங்காலம் சிமெண்ட் மூட்டைக் கணக்கை முடிப்பது, சனிக்கிழமை கூலி பட்டுவாடா செய்வது, இதுதான் பிழைப்பு. அரசர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதம் எழுத இந்தத் தகுதி போதுமா என்று கேட்பீர்கள். நான் கேட்கப்போவதே ஒரு மஸ்டர் ரோல்தான் என்பதால் போதும் என்று நினைக்கிறேன்.

புதுத் தலைநகரம் என்று பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் ரஷ்யாவின் மகா பீட்டரை இழுத்துக்கொண்டு வருவார். சதுப்பு நிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை எழுப்பி, பின்தங்கிக் கிடந்த நாட்டை ஒரே தலைமுறையில் ஐரோப்பாவோடு சேர்த்துவிட்டாரே, நம்மால் முடியாதா என்பார். முடியும். ஆனால் அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம்.

எனக்குப் பீட்டரைப் பிடிக்கும். 1697இல் பெரிய தூதுக்குழுவோடு மேற்கு ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது, ஜார் என்ற பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு பியோத்தர் மிகைலோவ் என்ற சாதாரணப் பெயரில் போனார். ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில் மாதக்கணக்கில் கோடரி பிடித்துத் தச்சு வேலை பார்த்தார். ஆறரை அடிக்கு மேல் உயரம், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அடிக்கல் விழாவில் வெள்ளிக் கரண்டியால் ஒரு சிட்டிகைக் கலவையை வைத்துவிட்டுக் கை கழுவுகிற வகை இல்லை அவர்.

அவருடைய தேவையும் நியாயமானது. ரஷ்யாவுக்கு மேற்கே போகக் கடல் வழி வேண்டும். கையில் இருந்த ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகம் வடகோடியில் கிடந்தது. வருஷத்தில் பாதி நாள் பனி மூடிவிடும். பால்டிக் கரையோ ஸ்வீடன் வசம். 1700இல் போரைத் தொடங்கி, அதே ஆண்டு நார்வாவில் சரியான அடி வாங்கினார். எழுந்து உட்கார்ந்து, 1702இல் நேவா ஆற்றின் தலைமாட்டில் இருந்த கோட்டையைப் பிடித்தார். 1703 மே மாதம், ஆறு கடலைத் தொடும் பக்கத்தில் இருந்த நியென்ஷான்ஸ் கோட்டையும் விழுந்தது. அதே மாதம் நேவாவில் உள்ள முயல் தீவில் புதுக்கோட்டைக்கு மண் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போர் முடிந்து உடன்படிக்கை எழுதியது 1721இல். பட்டா மாறாத நிலத்தில் தலைநகரம் கட்டியவர் பீட்டர். துணிச்சல் வேண்டும்.

அந்த மே மாதம் படைவீரர்கள் மூன்றே நாளில் அவருக்கு ஒரு மரவீடு கட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் இருக்கிறது. அதைச் சுற்றிச் செங்கல் கட்டடம் ஒன்றை உறைபோல எழுப்பிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பைன் மரத்தைச் செதுக்கி அடுக்கிய சின்ன வீடு. வெளிச்சுவரைப் பார்த்தால் செங்கல் செங்கலாகக் கோடு பிரித்துச் சிவப்பு வண்ணம் அடித்திருக்கும். தள்ளி நின்று பார்த்தால் டச்சுக்காரர் வீடு. ஒட்டுப்பலகைக் கதவில் தேக்கு ரேகை போடும் வேலை நமக்குத் தெரியாததா என்ன? நவீனம் அந்த ஊருக்கு முதலில் பெயிண்டாகத்தான் வந்து சேர்ந்தது. உண்மையான கல் பிறகு வந்தது. அந்தக் கல் வந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சதுப்பு நிலத்தில் கல் ஏது? தெருத் தளம் போடவும் கரை கட்டவும் கல் தேவை. 1714இல் பீட்டர் இரண்டு ஆணைகள் போட்டார். ஒன்று, இந்த நகரத்தைத் தவிர ரஷ்யாவில் வேறெங்கும் கல் கட்டடம் கட்டக்கூடாது. மாஸ்கோவிலும் கூடாது. பரம்பரையாகக் கல் வேலை செய்துவந்த கொத்தனார்கள் வேறு வழியில்லாமல் புது ஊரை நோக்கி நடந்தார்கள். இரண்டாவது ஆணை இன்னும் சுவாரஸ்யம். நகரத்துக்குள் வரும் ஒவ்வொரு வண்டியும் ஐந்து ராத்தலுக்குக் குறையாத கல் மூன்று கொண்டுவர வேண்டும். படகும் கப்பலும் அளவுக்குத் தக்கபடி பத்திலிருந்து முப்பது கல் வரை, ஒவ்வொன்றும் பத்து ராத்தலுக்குக் குறையாமல். குறைந்தால் அபராதம்.

நுழைவாயிலில் நிற்கிற குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். குளிரில் கை விறைத்திருக்கும். வண்டி வந்து நிற்கிறது. வைக்கோலை விலக்கிப் பார்க்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறதே? தூக்கிப் பார்க்கிறான். சரி, போ. அடுத்த வண்டி. இந்தக் கல் வசூல் பீட்டர் இறந்தும் ஓயவில்லை, 1776 வரை ஓடியது. அறுபது வருஷத்துக்கு மேல் கல்லை எண்ணி வாங்கிய நிர்வாகம் அது. மனதாரப் பாராட்டுகிறேன். பொருள் கணக்கில் இவ்வளவு கண்டிப்பான வேலைத்தளத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கல்லை அடுக்கியவர்களுக்கு வருவோம். 1704 முதல், ஆண்டுக்கு 40,000 பேர் வரை மாகாணங்களிலிருந்து கட்டாய வேலைக்கு வர வேண்டும் என்று உத்தரவு. இத்தனை வீட்டுக்கு ஓர் ஆள் என்று கிராமத்தில் பிடிப்பார்கள். நூற்றுக்கணக்கான மைல் காவலோடு நடை. சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றுக் கூட்டம் வரும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மரத்தூண் அடிக்க வேண்டும். கூடையும் தள்ளுவண்டியும் பற்றாமல் மண்ணைச் சட்டை மடியில் அள்ளிச் சுமந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பண்ணையடிமைகளான குடியானவர்களோடு ஸ்வீடன் போர்க்கைதிகளும் இருந்தார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காய்கனி கிடைக்காமல் வரும் ஸ்கர்வி நோய்.

எத்தனை பேர் வர வேண்டும், எத்தனை பேர் வரவில்லை, வழியில் எத்தனை பேர் ஓடிவிட்டார்கள் என்பதற்கெல்லாம் கடிதப் போக்குவரத்து உண்டு. ஆள் குறைந்தால் ஆளுநர் பதில் சொல்லியாக வேண்டுமே. கேட்ட 40,000 பேர் ஒருபோதும் முழுசாக வந்து சேரவில்லை என்பது அந்தக் காகிதங்களிலிருந்துதான் தெரிகிறது. ஆனால் செத்தவர்கள் எத்தனை பேர்? அக்காலத்து வெளிநாட்டுத் தூதர்கள் அறுபதாயிரம், லட்சம் என்று கேள்விப்பட்டதை எழுதினார்கள். முப்பதாயிரம் என்பவர்கள் உண்டு. பின்னாளில் ஆவணங்களைப் புரட்டிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதுவும் மிகை என்கிறார்கள். முந்நூறு வருஷமாக இந்தச் சண்டை நடக்கிறது. வண்டிக்கு மூன்று கல் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது, செத்தவன் எண்ணிக்கையில் முப்பதாயிரத்துக்கும் லட்சத்துக்கும் நடுவில் தடவிக்கொண்டிருக்கிறோம். எலும்பின் மேல் எழுந்த நகரம் என்று பெயர் வாங்கியது அந்த ஊர். அந்தப் பெயர் மிகை என்றால்கூட, மறுக்க பீட்டர் தரப்பில் ஒரு பட்டியல் கிடையாது. உங்கள் சுயநலத்துக்காகவாவது இதை யோசியுங்கள்.

மஸ்டர் ரோல் எழுதிப் பழகியவனுக்கு இதில் வியப்பு இல்லை. வராத ஆளுக்கு வருகை போட்டுக் கூலி எடுக்கும் தில்லுமுல்லு எல்லோருக்கும் தெரியும். வந்த ஆளை வராதவனாக்குவது அதைவிடச் சுலபம். சாரத்திலிருந்து விழுந்தவன் பெயரை அன்றைய பக்கத்தில் எழுதாமல் விட்டால் முடிந்தது. அவன் அன்று வேலைக்கே வரவில்லை.

சரி, கட்டாய வேலையால் வேலையாவது விரைவாக நடந்ததா? பீட்டருக்கே அதில் நம்பிக்கை போய்விட்டது. பாதி ஆள் நோயில், பாதி ஆள் ஓட்டத்தில், வந்து சேர்ந்தவனுக்கும் வேலை தெரியாது. 1710களின் கடைசியில் ஆளுக்குப் பதில் பணமாக வரி வசூலித்து, அந்தப் பணத்தில் கூலிக்கு ஆள் வைக்கும் முறைக்கு மாறினார்கள். சம்பளம் கொடுத்தால் வேலை தெரிந்தவன் வருவான் என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் பேரரசுக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது. நம் ஊர் மேஸ்திரி யாரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார்.

வேலையாள் மட்டுமா? குடியிருக்க வருபவர்களுக்கும் ஆணைதான். பிரபுக்கள் வந்து வீடு கட்ட வேண்டும், வசதிக்குத் தக்கபடி இன்ன அளவில், இன்ன மாதிரியில். ஸ்விட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியிலிருந்து வந்த தொமெனிக்கோ த்ரெஸ்ஸினி மாதிரி வரைபடங்கள் போட்டுக் கொடுத்தார். நேவாவின் மேல் நிரந்தரப் பாலம் வேண்டாம், மக்கள் படகு ஓட்டப் பழகட்டும் என்று பீட்டர் பிடிவாதம் பிடித்தார். அவர் இறந்த பிறகு, 1727இல்தான் மிதவைப் பாலம் போட்டார்கள். நிரந்தரப் பாலம் வந்தது 1850இல். வசிலியெவ்ஸ்கி தீவில் தெருவுக்குத் தெரு கால்வாய் வெட்டி இன்னொரு ஆம்ஸ்டர்டாம் ஆக்கத் திட்டம் போட்டு, அது அரைகுறையாக நின்றுபோய், வெட்டியதும் தூர்ந்தது. இன்றும் அந்தத் தீவில் தெருவின் இந்தப் பக்கத்துக்கு ஓர் எண், எதிர்ப்பக்கத்துக்கு வேறோர் எண். நடுவில் ஓட வேண்டிய கால்வாய் எஸ்டிமேட்டோடு சரி.

வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். 1706இல் பீட்டரின் அறைக்குள்ளேயே 21 அங்குலம் தண்ணீர் ஏறியது. ஆண்களும் பெண்களும் கூரையிலும் மரத்திலும் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது என்று அவர் தன் நெருங்கிய தளபதி மென்ஷிக்கோவுக்குக் கடிதம் எழுதினார். அந்த வேடிக்கைக்கு அணை கட்டி முடித்தது 2011இல். 25 கிலோமீட்டர் நீளம். இடம் தேர்ந்தவருக்கும் பில் கட்டியவர்களுக்கும் நடுவில் 308 வருஷம்.

1725இல் பீட்டர் இறந்தார். 1728இல் அவர் பேரன் இரண்டாம் பீட்டர் அரசவையைத் தூக்கிக்கொண்டு மாஸ்கோ போய்விட்டார். ஆணையால் வந்த பிரபுக்களும் வணிகர்களும் மூட்டையைக் கட்டினார்கள். 1732இல் அன்னா அரசி திரும்பி வந்திருக்காவிட்டால் பீட்டரின் நகரம் ஒரு கோட்டையும் கப்பல் தளமுமாகச் சுருங்கியிருக்கும். கட்டளையால் வந்தவன் கட்டளை ஓய்ந்ததும் போய்விடுகிறான். பீட்டர் ஆரம்பித்த அறிவியல் கழகமும் குன்ஸ்ட்காமெரா அருங்காட்சியகமும் துறைமுக வியாபாரமும்தான் ஊரைத் தாங்கின. அங்கே வந்தவர்களுக்கு வர ஒரு காரணம் இருந்தது. அந்தப் பங்கு பீட்டருடையது, அதை யாரும் பறிக்க முடியாது. பண்ணையடிமை முறையை இன்னும் இறுக்கி, தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டு, அந்தப் பணத்தில் நாட்டை நவீனமாக்கியதும் அவர்தான். பிரபு தாடியை மழித்து ஐரோப்பியன் ஆனான். குடியானவன் நிலத்தோடு சேர்த்து விற்கப்படுகிறவனாகவே இருந்தான்.

யாரும் இல்லாத சதுப்பில் கட்டினார் என்பார்களே, அதிலும் பாதிதான் உண்மை. நியென்ஷான்ஸ் கோட்டையை ஒட்டி நியென் என்ற வணிக ஊர் இருந்தது. சுற்றிலும் இங்கிரியர்களும் பின்னிஷ் பேசுகிறவர்களும் வாழ்ந்த கிராமங்கள். புதுத் தலைநகரக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வெற்றிட ஆசை உண்டு. நைஜீரியா 1976இல் அபூஜாவைத் தேர்ந்தபோது, எந்தப் பெரிய இனத்துக்கும் சொந்தமில்லாத நடுநிலம் என்றார்கள். அங்கே க்பாக்யி மக்கள் இருந்தார்கள். 1991இல் தலைநகரம் முறைப்படி மாறியது. இழப்பீடு கேட்டு அவர்கள் எழுப்பும் குரல் இன்னும் ஓயவில்லை. இந்தோனேசியா புதுத் தலைநகரமாகக் கட்டும் நுசந்தாராவில் செபாக்கு ஆற்றங்கரையில் பாலிக் மக்கள் இருக்கிறார்கள்.

நுசந்தாராவில் 2022 மார்ச்சில் ஒரு சடங்கு நடந்தது. 34 மாகாணங்களிலிருந்தும் மண்ணும் தண்ணீரும் கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் கொட்டினார்கள். எந்த மாகாணத்து மண் என்பது பதிவில் இருக்கிறது. அழகான ஏற்பாடுதான். பக்கத்தில் குத்தாய் பகுதியில் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய யூபம் எனப்படும் வேள்விக் கல்தூண்கள் கிடைத்தன. எழுத்து நம் பல்லவர் எழுத்தின் வகை, மொழி சமஸ்கிருதம். மூலவர்மன் என்ற அரசன் இருபதாயிரம் பசுக்களைத் தானம் கொடுத்ததாக அதில் வெட்டியிருக்கிறது. பசு எண்ணிக்கை உண்டு, தானம் வாங்கியவர் யார் என்று உண்டு. தூணைச் செதுக்கித் தூக்கி நிறுத்தியவன் பெயர் இல்லை. அந்த மண்ணிலேயே இந்தப் பழக்கத்தை மாற்ற இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது.

ஜனநாயக நாட்டில் இப்படி நடக்காது என்று உங்களில் சிலர் சொல்லலாம். பிரேசில் கட்டிய புதுத் தலைநகரம் பிரேசிலியாவைப் பாருங்கள். ஐந்து வருஷத்தில் ஐம்பது வருஷ வளர்ச்சி என்று சொல்லி அதிபரானவர் ஜுசெலினோ குபிச்செக். லூசியோ கோஸ்தா நகரத்தை வரைந்தார், ஓஸ்கார் நீமையர் கட்டடங்களை வரைந்தார், 1960 ஏப்ரல் 21 அன்று திறப்புவிழா. கட்டியவர்கள் பெரும்பாலும் வறண்ட வடகிழக்கிலிருந்து லாரி ஏறி வந்தவர்கள். கந்தாங்கோ என்று பெயர். வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்ற நினைப்பு, வரைபடத்தில் அவர்களுக்கு வீடு இல்லை. அவர்கள் போகவில்லை; தள்ளித் தள்ளிக் குடியேற்றப்பட்டுத் துணை ஊர்களாக நின்றுவிட்டார்கள். 1959 பிப்ரவரியில் ஒரு தொழிலாளர் முகாமில் மோசமான சாப்பாட்டை வைத்துத் தகராறு. இரவில் காவலர்கள் வந்து சுட்டார்கள். அதிகாரக் கணக்கில் செத்தவர் ஒருவர். அங்கே இருந்தவர்கள் சொன்ன எண்ணிக்கை வேறு. மறுபடியும் அதே கதை.

ஆனால் பிரேசிலியாவில் ஒரு விஷயம் நடந்தது. 2011இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் பழுது பார்க்கப் போனவர்கள், மூடிக்கிடந்த ஓர் இடுக்குக்குள் கான்கிரீட் சுவரில் பென்சில் எழுத்துகளைப் பார்த்தார்கள். 1959இல் அங்கே வேலை செய்தவர்கள் எழுதியவை. நாளை இங்கே வருகிற மனிதர்கள் எங்கள் பிள்ளைகள் மேல் இரக்கம் காட்டட்டும், சட்டம் நிறைவேறட்டும் என்று ஒருவர் தேதி போட்டுக் கையெழுத்தோடு எழுதியிருந்தார். மேலே ஐம்பது வருஷமாகச் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தார்கள். சென்ட்ரிங் பிரித்ததும் பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு நாள் கிடைக்கும், சுவர் யாருக்கும் சொந்தமில்லாத நாள். அப்போது எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். எந்தப் பதிவேட்டிலும் தன் பெயர் நிற்கப்போவதில்லை என்று தெரிந்தவர்தான் சுவரில் எழுதுவார்.

அதனால் நான் கேட்பது இதுதான். உங்கள் நகரம் அழகாக இருக்குமா, தேவைதானா, கெய்ரோவுக்குக் கிழக்கே பாலைவனத்தில் எகிப்து கட்டும் புதுத் தலைநகரத்தில் அத்தனை உயரத்துக்குக் கோபுரம் எதற்கு, இதெல்லாம் உங்கள் நாட்டு மக்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். நான் வேலைத்தளத்து ஆள். ஒரு பேரேட்டைத் திறந்து வையுங்கள். வேலைக்கு வந்த ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர், என்ன வேலை, என்ன கூலி, வாங்கிய தேதி. அடிபட்டால் எங்கே, எப்படி, யார் பார்த்தது. இறந்தால் உடல் யாரிடம் கொடுக்கப்பட்டது, குடும்பத்துக்கு என்ன போய்ச் சேர்ந்தது. துணை ஒப்பந்தக்காரரின் ஆள், எங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். அவர் கொண்டுவந்த கம்பிக்கும் ஜல்லிக்கும் அளவெடுத்துத்தானே பில் பாஸ் பண்ணுகிறீர்கள்? அப்புறம், அந்த நிலத்தில் முன்பே இருந்தவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் வீடு, எந்த மரம், எந்தக் கல்லறை, எங்கே மாற்றினீர்கள்.

அதை அலுவலகப் பீரோவில் பூட்டாமல், உள்ளூர் மொழியில் அச்சடித்து, ஆண்டுக்கு ஒரு முறை பொதுவில் வையுங்கள். முகம் தெரிந்து வருகை போட உங்களுக்கு இப்போது கருவிகள் உண்டு. பீட்டரின் குமாஸ்தாவுக்கு இருந்தது இறகுப் பேனா. அதை வைத்துக்கொண்டே அவன் கல்லை விடாமல் எண்ணினான்.

முதல் தவணையாக ஒன்று செய்யலாம். வேலை தொடங்கிய நாள் முதல் இன்றுவரை உங்கள் நகரத்துக் கட்டுமானத்தில் இறந்தவர்களின் பட்டியலை வெளியிடுங்கள். ஒருவரும் இறக்கவில்லை என்றால், ஒருவரும் இறக்கவில்லை என்றே எழுதி, பொறுப்பான அதிகாரி தேதி போட்டுக் கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கட்டட மேற்பார்வையாளர்